தலையில் ஒரு வியாதி, கழுத்தில் இன்னொரு வியாதி

தலையில் செதில், காது மடலுக்குப் பின்னால் வெடிப்பு, பிடரியில் சிவந்து நீர் கசியும் தோல். இவை மூன்றும் எனக்குப் பல வருடம் சேர்ந்தே இருந்தன. மருந்துச் சீட்டில் எக்ஸிமா என்று எழுதுவார்கள், வீட்டில் கரப்பான் என்பார்கள். மருந்து போடும்வரை அடங்கியிருக்கும், நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். இப்படி அல்லாடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான்: அடுத்த மருந்துக்குப் போவதற்கு முன்னால், தலையில் இருப்பதும் கழுத்தில் இருப்பதும் ஒரே வியாதிதானா என்று கேளுங்கள். எனக்கு அவை இரண்டு வெவ்வேறு வியாதிகள். தலையில் இருந்தது செபோரிக் டெர்மடைட்டிஸ், அதாவது பொடுகின் முற்றிய வடிவம். கழுத்தில் இருந்தது தலைச்சாயத்தால் வந்த ஒவ்வாமை. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதை அசைக்கக்கூட இல்லை.

அரிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தலையில் வரும் அரிப்பும் கழுத்தில் வருவதும் வேறு வேறு மாதிரி. தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஊறல் மாதிரி இருக்கும், சீவினால் மஞ்சளாகச் செதில் உதிரும். கழுத்தில் அப்படி இல்லை, எரிச்சலும் அரிப்பும் கலந்து வரும். மதுரை வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போது வேர்வை இறங்கும் இடமெல்லாம் உப்பு தடவியது போல எரியும். ராத்திரி தூக்கத்தில் சொறிந்திருப்பேன், காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் தெரியும். பின் கழுத்து இறங்கிய ரவிக்கை போடுவதை விட்டுவிட்டேன். கொண்டை போட்டால் வெளியே தெரியும் என்று பின்னலைத் தாழ்த்திப் போட்டுக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இது ஒட்டிக்கொள்ளுமோ என்று நகர்ந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். எக்ஸிமா ஒட்டாது. ஒரே சீப்பு, ஒரே துண்டு என்றாலும் ஒட்டாது. இதை வீட்டில் இருப்பவர்களிடம் உரக்கவே சொல்லலாம்.

மருந்துக்கடையில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கலவை ட்யூப். கடுமையான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, எல்லாம் ஒரே களிம்பில் இருக்கும். எது வந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கு. போட்ட இரண்டாம் நாளே சிவப்பு இறங்கும், அதனால்தான் ஜனங்கள் அதை நம்புகிறார்கள். இறக்கியது அதில் இருக்கும் க்ளோபெட்டசால் மாதிரியான ஸ்டீராய்டு. உள்ளே இருக்கும் காரணம் அப்படியேதான் இருக்கிறது. கழுத்துத் தோல் மெல்லியது, அங்கே மாதக்கணக்கில் அதைப் போட்டால் தோல் இன்னும் மெலிந்து, நரம்பு தெரிந்து, கோடு கோடாக விழும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கலவைகள் சிலவற்றில் நியோமைசின் இருக்கும். அதுவே ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள்களில் ஒன்று. புண்ணுக்குப் போடும் மருந்தே புண்ணை வளர்க்கும் நிலைமை சிலருக்கு வருகிறது. 2018இல் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

என் விஷயத்தில் திருப்பம் வந்தது, ஒரு தோல் டாக்டர் பொறுமையாகக் கேள்வி கேட்டபோதுதான். சீப்பின் முனையால் வகிடு வகிடாகப் பிரித்துத் தலையைப் பார்த்தார். புருவத்தையும் மூக்கின் இரு பக்க மடிப்பையும் பார்த்தார், அங்கேயும் லேசாகச் செதில் இருந்தது. அப்புறம் முடியை மொத்தமாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கழுத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தலைக்குச் சாயம் போடுவீங்களாம்மா?”

“ஆமா டாக்டர். மாசம் ஒரு தடவை.”

“போட்ட அன்னைக்கே கழுத்து பொங்குதா, ரெண்டு நாள் கழிச்சா?”

அதை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. யோசித்துப் பார்த்தால் கல்யாணம், வளைகாப்பு என்று சாயம் போட்டுக்கொண்டு போன ஒவ்வொரு விசேஷமும் முடிந்த கையோடு கழுத்து பொங்கியிருந்தது. அலைச்சல், வெளிச்சாப்பாடு, சூடு என்று அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தோம்.

தலைக்குப் போடும் சாயம் கழுத்தை ஏன் புண்ணாக்குகிறது என்று அவர் சொன்ன விளக்கம் முக்கியமானது. உச்சந்தலைத் தோல் தடிமனானது, ஒவ்வாமைப் பொருளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அலசும்போது சாயத்தண்ணீர் நெற்றி ஓரம், காது, காதுக்குப் பின்புறம், பிடரி என்று வழிகிறது. அங்கேயெல்லாம் தோல் மெல்லியது. அதனால் ஷாம்பூ, சாயம், தலைக்குத் தேய்க்கும் தைலம் எதுவானாலும் அதன் ஒவ்வாமை தலையில் குறைவாகவும் கழுத்திலும் கண் இமையிலும் அதிகமாகவும் தெரியும். சாயம் போட்ட மறுநாள் இமை வீங்குகிறவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சந்தேகத்தை உறுதிசெய்ய பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். இது ரத்தப் பரிசோதனை இல்லை. ஒவ்வாமை என்றதும் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஐஜிஇ ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். தொடுவதால் வரும் தோல் ஒவ்வாமை வேறு வழியில் வருவது, மெதுவாகக் கிளம்புவது, அது ரத்தத்தில் தெரியாது. பேட்ச் டெஸ்டில் சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளையும் துளி வைத்து, பிளாஸ்திரியோடு முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். இந்தியாவுக்கென்றே வகுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது, சுமார் 20 பொருள்கள். நிக்கல், சிமென்டில் இருக்கும் குரோமேட், ரப்பர் ரசாயனங்கள், வாசனைக் கலவை, நியோமைசின், பார்த்தீனியச் செடி, சாயத்தில் இருக்கும் பிபிடி எல்லாம் அதில் உண்டு. 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கவும் கூடாது. மதுரையில் இது பெரிய சோதனை. முடிந்தால் மார்கழி, தை மாதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்திரியை எடுத்து ஒரு தடவை பார்ப்பார்கள், மூன்றாம் அல்லது நான்காம் நாள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள், சில பொருள்கள் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பரிசோதனைக்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், அது முடிவை மறைத்துவிடும்.

என் முதுகில் ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்து, மேலே பொடிப் பொடியாக நீர்க்கொப்புளம் கோர்த்திருந்தது. என் மகள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். பிபிடி. பாரா ஃபினிலீன் டையமின் என்பது முழுப் பெயர். கறுப்புச் சாயங்களில் நிறம் பிடிக்கச் செய்வது இதுதான். பொடிப் பாக்கெட்டிலும் இருக்கும், க்ரீம் சாயத்திலும் இருக்கும். ‘அமோனியா இல்லாதது’ என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தம் கிடையாது. ‘ஹெர்பல்’ என்பதும் அப்படியே. சுத்தமான மருதாணி ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம்தான் தரும். மருதாணி என்ற பெயரில் அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அதில் சாயப்பொருள் கலந்திருக்கிறது.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். கழுத்துக்கு முதல் வைத்தியம் சாயத்தை நிறுத்தியது. அடுத்தது வீக்கத்தை இறக்கக் கொஞ்ச நாளுக்கு மட்டும் நடுத்தர வலுவுள்ள ஸ்டீராய்டு களிம்பு. எவ்வளவு போடுவது என்று இங்கே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் கிட்டத்தட்ட அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். முகமும் கழுத்தும் முழுவதுமாக என்றாலே இரண்டரை அளவுதான், பிடரிக்கு மட்டுமென்றால் அதில் பாதிகூட வேண்டாம். ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து பொட்டு வைப்பது போலத் தொட்டு வைத்தாலும் கேட்காது. சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்வளவுதான்.

ஸ்டீராய்டை நிறுத்தும் கட்டத்தில் டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்டுக்கு மாற்றினார். இது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிய வைக்காது, அதனால் கழுத்துக்கும் இமைக்கும் ஏற்றது. முதல் சில நாள் நன்றாக எரியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவோம். குளித்து ஈரத்தோடு போட்டால் எரிச்சல் அதிகம், தோல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் தாங்கலாம். உள்ளே வரும் தாளில் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இருக்கும், அமெரிக்க மருந்துத் துறை 2006இல் சேர்க்கச் சொன்னது. பூசிக்கொள்பவர்களுக்கு அப்படி வருகிறது என்று அதற்குப் பின் வந்த ஆய்வுகள் தெளிவாக நிரூபிக்கவில்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். அந்தத் தாளைப் படித்துப் பயந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள்.

இரவு அரிப்புக்கு நான் கண்ட நல்ல உபாயம் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மல் துணி. பத்து நிமிடம் பிடரியில் போட்டு எடுத்து, உடனே வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டால் தூக்கம் வந்துவிடும். அலர்ஜி மாத்திரை தூங்க வைக்குமே தவிர, எக்ஸிமா அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது.

கழுத்து ஆறிய பிறகும் தலை ஆறவில்லை. இரண்டு வியாதி என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தலையில் நடப்பது வேறு கதை. மலாசீசியா என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை, எல்லோருடைய தலையிலும் உண்டு, எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்வது. அது விட்டுவிடும் கழிவு சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அழற்சியைக் கிளப்புகிறது. அதற்குப் பூஞ்சை மருந்தான கீட்டோகோனசால் 2% ஷாம்பூ. வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் நேரம். சாதாரண ஷாம்பூ போல நுரைத்து உடனே அலசினால் பலனே இல்லை. முடியை நனைத்து, வகிடு பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். முடிக்குப் போடும் மருந்து இல்லை இது, தோலுக்கான மருந்து. நீள முடிக்காரர்கள் நுனிவரை தேய்த்தால் முடி வைக்கோலாகும், மருந்தும் வீண்.

செதில் தடிமனாக இருந்தால் ஷாம்பூ தோலுக்குப் போய்ச் சேராது. முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தால் செதிலை இளக்க வேண்டும். ரொம்பச் சிவந்திருந்தால் ஸ்டீராய்டு லோஷன் இரவில் சில நாள் தருவார்கள். தலைக்கு லோஷன், கழுத்துக்கு ஆயின்ட்மென்ட் என்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆயின்ட்மென்டைத் தலையில் போட்டால் முடியில்தான் ஒட்டும். தலைக்கான லோஷனில் ஆல்கஹால் இருந்தால் வெடித்த கழுத்தில் பட்டதும் உயிர் போகும்.

செதில் போனதும் எல்லோரும் ஷாம்பூவை நிறுத்திவிடுகிறார்கள். ஈஸ்ட் எங்கும் போகவில்லை, அது மறுபடி பெருகும். வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ தொடர்வதுதான் வழி. இடையில் ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு இருக்கும் ஷாம்பூவை மாற்றிப் போடலாம். அடியோடு ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுக்குள் வைக்கலாம், அது போதும்.

இப்போது எண்ணெய் விஷயம். வீட்டில் பெரிய சண்டை இதற்குத்தான் நடந்தது. செவ்வாய் வெள்ளி எண்ணெய் வைக்காமல் விட்டதால்தான் தலை காய்ந்து செதில் உதிர்கிறது என்று மாமியார் உறுதியாக நம்பினார். பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த ஈஸ்டை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறினால் அதற்கு விருந்து. எண்ணெயே கூடாது என்று நான் சொல்லவில்லை. நுனிமுடிக்குத் தடவலாம், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவி அன்றே அலசிவிடலாம். மதினி கொடுத்த வெட்பாலைத் தைலத்தையும் போட்டுப் பார்த்தேன். செதில் இளகியது, அந்த அளவுக்கு உதவியது. அதைத் தாண்டி நிற்கவில்லை. பத்தியமும் இருந்தேன்: கத்திரிக்காய், கருவாடு, தக்காளி எல்லாம் விலக்கி. இந்த இரண்டு வியாதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் உடம்பு இளைத்ததே தவிர எதுவும் மாறவில்லை.

தெரிந்தவர்கள் கழுத்தைக் காட்டிக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது அது எங்கே இருக்கிறது என்பதைத்தான். என் தங்கைக்குப் பிடரியில் ஒரே இடத்தில் நாலணா அகலத்தில் தோல் கறுத்து, தடித்து, வரி வரியாக இருந்தது. யோசனையில் இருக்கும்போதெல்லாம் கை அங்கே போகும். சொறிவதே வியாதியாகிவிட்ட வகை அது. அவளுக்கு அலர்ஜி எதுவும் இல்லை. வலுவான களிம்பைப் போட்டு மேலே பிளாஸ்திரி ஒட்டி, கை படாமல் சில வாரம் மூடிவைத்ததில் அடங்கியது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது மாதிரி சங்கிலி படும் இடத்தில் மட்டும் இருந்தால் கவரிங் நகையின் நிக்கலைச் சந்தேகிக்கலாம். முகம், இமை, கழுத்து, நெஞ்சின் மேல்பகுதி என்று திறந்த இடமெல்லாம் தடித்திருந்தால், அதுவும் காட்டுவேலை செய்கிறவர் என்றால், பார்த்தீனியம். இந்தியாவில் 1950களில் புனே பக்கம் முதலில் கவனத்துக்கு வந்த செடி, இன்று நம் ஊர் வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளைப்பூ பூத்து நிற்கிறது. அதன் துகள் காற்றில் வந்து படுவதே போதும். எங்கள் சித்தப்பாவுக்கு அது முகத்தையே சிங்கமுகம் மாதிரி ஆக்கிவிட்டது. முடிக்கோட்டைத் தாண்டி நெற்றியில் இறங்கி, வெள்ளி நிறத்தில் கனத்த செதில், முழங்கையிலும் முழங்காலிலும் அதே மாதிரி என்றால் சொரியாசிஸாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. பிடரியில் மட்டும் புதிதாக அரிப்பு, வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை உண்டு என்றால் முதலில் பேன் சீப்பை எடுங்கள்.

காய்ச்சலோடு தேன்நிறப் பொருக்கு கட்டினாலும், கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளம் வந்தாலும், சாயம் போட்டபின் முகம் வீங்கினாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இத்தனையும் செய்து அடங்காதவர்களுக்கு இப்போது எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின், மீத்தோட்ரெக்சேட் மட்டுமில்லாமல் ஜாக் தடுப்பு மாத்திரைகளும் டூபிலுமாப் ஊசியும் வந்திருக்கின்றன. அவை ரத்தப் பரிசோதனையோடும் டாக்டரின் கண்காணிப்போடும் போகும் வைத்தியம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும்.

என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் பிபிடி ஒவ்வாமை என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் போகாது, திரும்பத் திரும்பப் பட்டால் இன்னும் கடுமையாகலாம். அதே குடும்பத்து ரசாயனங்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் வரும் பென்சோகெய்ன் அதில் ஒன்று. அதனால் பல் டாக்டரிடமும் சொல்லிவிடுகிறேன். தலை இப்போது நரைத்துத்தான் இருக்கிறது. போன ஆவணியில் அண்ணன் மகள் கல்யாணத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோன் ஒன்று கூடையில் இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, வீட்டில் அரைத்த மருதாணியையே எல்லோருக்கும் வைக்கச் சொன்னேன். பிபிடிக்கு முதல் ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு இந்தக் கறுப்புக் கோனில்தான் தொடங்குகிறது, பிற்காலத்தில் சாயம் போடும்போதுதான் அது வெளியே தெரிகிறது.